ஈரமலையில் வறளும் முட்டை

ஹற்றனுக்கும் வட்டவளைக்கும் இடையே, மழையும் பனிமூட்டமும் மாறிமாறி வரும் றொசல்லத் தோட்டப் பகுதியில் குஞ்சு பொரிப்பான் வாங்க முற்படுவோர் அதில் எத்தனை முட்டை கொள்ளும் என்றே முதலில் விசாரிப்பர். மின்சாரம் நின்றபின் அப்பெட்டி எவ்வளவு நேரம் சூட்டைத் தாங்கும் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது. 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளைக் கண்ட நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பெட்டி, தகரக் கூரை லயக் காம்பிராவின் இரவுக் குளிரில் விரைவில் ஆறிவிடும். தடித்த ரெஜிபோம் சுவரும் 12 வோல்ட் பற்றரி இணைப்பும் உள்ளதே இங்கு உதவும்.

வெளியே பனிமூட்டம் நிற்கையில் பெட்டிக்குள் நீர் வைக்க வேண்டியதில்லை எனக் கருதுவது எளிதில் நேரும் பிழை. சாரீரப்பதன் என்பது, காற்று அவ்வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் அதில் உள்ளது என்பதாகும். 15 பாகைக் குளிர்காற்று ஈரத்தால் நிறைந்திருந்தாலும், பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடேறியதும் அதன் சாரீரப்பதன் ஏறத்தாழக் கால் பங்காகிவிடுகிறது; கோழி முட்டைக்கு முதல் 18 நாட்களில் வேண்டியதோ 50 வீதமளவு, கடைசி மூன்று நாட்களில் 65 வீதத்துக்கு மேல். மலிவான ஈரமானியை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். வைக்கும்போது 50 கிராம் இருந்த முட்டை 18ஆம் நாளில் 44 கிராம் அளவில் நிற்க வேண்டும்; 46இல் நின்றால் ஈரம் கூடிவிட்டது, 42க்கு இறங்கினால் போதவில்லை.

பொரிப்பு முட்டை, அதாவது சேவல் சேர்ந்த பேட்டின் கருக்கட்டிய முட்டை, கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி வருகையில் ஓடு உடையாமலே கெடலாம். அகன்ற முனையிலுள்ள காற்றறையின் சவ்வு விலகிவிட்டால், டோர்ச் வெளிச்சத்தில் அந்தக் காற்றுக்குமிழ் முட்டையைச் சாய்க்கும் பக்கமெல்லாம் ஓடுவது தெரியும். ஆகவே ஒவ்வொன்றையும் கடதாசியில் தனித்தனியே சுற்றி, கூர்முனை கீழாக அடுக்கி, இடைவெளியை மரத்தூளால் நிரப்பி அனுப்புவதும், வந்து சேர்ந்தபின் ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டே பொரிப்பானில் ஏற்றுவதும் அவசியம். கீழ்நாட்டின் 30 பாகை வெக்கையில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பின்னர் மலைக்குளிரில் நின்றுபோகக்கூடுமாதலால், இரவுப் பயணமே நல்லது. இட்டு ஏழு நாள் கடந்த முட்டைக்குப் பணம் கொடுப்பது வீண்.

பத்துப் பன்னிரண்டு முட்டை மட்டுமே உள்ளவருக்கு இவ்வளவும் தேவையில்லை. நல்ல அடைக்கோழி ஒன்று போதும்.