ஃபோமட் அடிக்க முதல்

"காக்கா, ஃபோமட் அடிச்சா சரிவரும்தானே?" பழைய டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருகிற தம்பிமார் முதலில் கேட்பது இதைத்தான். நான் கேட்பது வேறு: "எப்ப நிக்குது? எப்படி நிக்குது?"

பட்டென்று ஒரேயடியாக அணைந்தால் பவர் சப்ளையையோ சூட்டையோ சந்தேகிப்பேன். நீலத்திரை வந்து, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழையைச் சொன்னால் ராம். மவுஸ் அசைகிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை, டிஸ்க் லைட் எரிந்தபடியே இருக்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க். எப்போதும் இப்படியே இருக்கும் என்றில்லை. முதலில் எங்கே கைவைப்பது என்பதற்கு இது போதும். ஈவென்ட் வியூவரில் 'கேர்னல் பவர் 41' என்று கண்டதும் பவர் சப்ளை போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியில் நான் முதலில் பார்ப்பது ராமைத்தான். களப்புப் பக்கமிருந்து வருகிற உப்பு ஈரம், மாரி காலத்தில் மூடிக்கிடக்கிற அறைக்குள்ளும் புகுந்துவிடும். பிளக்கைக் கழற்றுங்கள். பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பிறகு ராமை எடுத்து, அதன் அடியிலுள்ள பொன்னிறத் தகடுகளை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். பளபளப்புப் போய் மங்கியிருந்தால், சுத்தமான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஸ்லொட்டுக்குள்ளும் பிரஷ்ஷை ஒருமுறை ஓட்டுங்கள். திரும்பப் போடும்போது இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழவேண்டும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். பென்டிரைவில் மெம்டெஸ்ட்86+ போட்டு இரவு முழுக்க விடுங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த ராமை நம்பவேண்டாம்.

அடுத்தது பவர் சப்ளை. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். வெட்டுவதைவிட, திரும்ப வருகிற கணத்தில் ஏறி இறங்குகிற வோல்டேஜ்தான் பழைய பவர் சப்ளைகளுக்கு ஆபத்து. கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள், வந்தபின் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். மல்டிமீட்டர் இருந்தால், கணினி ஓடும்போதே மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். 11.4க்கும் 12.6 வோல்ட்டுக்கும் இடையில் நிற்கவேண்டும். வீடியோ ஓடவிட்டதும் அதற்குக் கீழே சரிந்தால் மாற்றத்தான் வேண்டும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். கேசைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? பெரும்பாலும் வீட்டு எர்த்தில்தான் குறை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அரைமணி நேரம் ஓடி, சூடேறினபிறகு நிற்கிற கணினிக்குத் தூசு தட்டினாலே பாதி வேலை முடியும். ஆனால் கோர் 2 டுவோ காலத்து இன்டெல் கூலர்களில் இன்னொன்றையும் பாருங்கள். நாலு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று உடைந்திருந்தாலும் ஹீட் சிங்க் அந்தப் பக்கம் நூலளவு எழும்பிவிடும். ஃபேன் நன்றாகத்தான் சுற்றும், சிப் வெந்துகொண்டிருக்கும். காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்து, ஊசியையும் மாற்றுங்கள்.

டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் வேறெந்தச் சோதனைக்கும் முன் ஃபைல்களை நகலெடுங்கள். சத்தமில்லாமல் பிழை மட்டும் வந்தால், சாட்டா கேபிளை மாற்றிப் பார்ப்பது மலிவான முதல் வேலை.

எதைச் செய்தாலும் ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு நாளாவது ஓடவிடுங்கள். ராமையும் பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றினால் எது பழுது என்று தெரியாமலே நல்ல சாமானும் குப்பைக்குப் போகும்.

கடைசியாக மதர்போர்ட். 2000களின் தொடக்கத்தில் உலகமெங்கும் தரமற்ற கெப்பாசிட்டர்கள் சந்தைக்கு வந்து ஏராளமான போர்டுகள் பழுதாயின. பிறகு வந்தவையும் வயதாகி வீங்குகின்றன. புரொசெசரைச் சுற்றியுள்ள சிறு உருளைகளின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால், சோல்டரிங் நன்றாகத் தெரிந்தவர் மாற்றிக்கொடுக்கலாம். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் போர்டுக்குக் காசு செலவழிக்கவேண்டாம் என்று உரியவரிடம் நேராகச் சொல்லிவிடுவேன். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேசில் போட்டு, ஏஎல் படிக்கிற பிள்ளையின் கடந்தகால வினாத்தாள்களையும் கல்யாணப் போட்டோக்களையும் இறக்கிக் கொடுப்பேன். நல்ல ராமும் பவர் சப்ளையும் இன்னொரு வீட்டுக் கணினிக்கு உதவும்.