அறிமுகம் என்னும் முதல்: வீட்டிலிருந்து செய்யும் ஒப்பந்த வேலையைத் தேடிக்கொள்வது எப்படி?

பாடத்தின் நோக்கம்: கணக்கு எழுதுதல், தட்டச்சு, மொழிபெயர்ப்பு, படம் வரைதல் போன்ற வேலைகள் தெரிந்த பிள்ளைகள், தொழில்சார் வலைத்தளத்தின் மூலம் ஒப்பந்த வேலைகளைப் பெறும் வழியையும் அதிலுள்ள ஆபத்துகளையும் அறிந்துகொள்ளுதல்.

நாம் இழந்தவற்றுள் ஒன்று

சொந்த ஊரில் லாண்ட்மாஸ்டர் வைத்திருந்தவர் உழவு வேலை தேடி அலைந்ததில்லை. மழை தொடங்கியதும் ஆட்களே அவரைத் தேடி வந்தார்கள். கிணறு கட்டும் மேசனுக்கும் அப்படித்தான். அவர்களுடைய கைவேலை எப்படிப்பட்டது என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்தபோது காணியையும் கால்நடைகளையும் மட்டுமல்ல, இந்த அறிமுகத்தையும் விட்டுவிட்டு வந்தோம். தொழில் கையில் இருந்தும், புதிய இடத்தில் எம்மை அழைப்பார் இல்லை.

எமது பிள்ளைகளின் நிலையும் இதுவே. கணக்கியல் படித்த மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு வேலை தெரியும் என்பது வேலை கொடுப்பவருக்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பவே தொழில்சார் வலைத்தளங்கள் உள்ளன. அவற்றுள் பெரியது லிங்க்ட்இன். இது 2003 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2016 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதனை வாங்கியது. 16 வயது நிரம்பியவர்கள் சேரலாம். பணம் செலுத்தாத சாதாரணக் கணக்கே எமக்குப் போதும்.

வேலை யார் மூலம் வருகிறது?

மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்க சமூகவியலாளர் 1973 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், “அந்த நபரை நீங்கள் எவ்வளவுக்கு அடிக்கடி சந்திப்பீர்கள்?” என்று அவர் கேட்டிருந்தார். அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேரளவில்தான். ஏனையோர் எப்போதாவது அல்லது மிக அரிதாகச் சந்திப்பவர்கள் மூலமே வேலை பெற்றிருந்தனர். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரின் தொடர்புகளை வைத்துச் செய்யப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வும், ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலைக்குக் கூடுதலாக உதவுகின்றன என்று காட்டியது.

காரணம் எளிது. பக்கத்து வீட்டாருக்கு எமக்குத் தெரிந்த செய்திகளே தெரியும். தூரத்தில் உள்ளவருக்கு வேறு செய்திகள் தெரியும். எமது மக்களோ கொழும்பு, சென்னை, லண்டன், ரொறன்ரோ எனப் பல இடங்களுக்கும் சிதறிப் போனார்கள். அந்தச் சிதறலில் இழந்தது அதிகம். எனினும் அதனால் உண்டான தூரத்து அறிமுகங்கள் இன்று எமக்கு ஒரு முதலாக உதவக்கூடும்.

செய்ய வேண்டியவை

1. தலைப்பை வேலையாக எழுதுங்கள். பெயருக்குக் கீழே 220 எழுத்துகளுக்குள் ஒரு தலைப்பு எழுதலாம். “வேலை தேடுகிறேன்” என்று எழுதுவதால் பயனில்லை. “சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் மாதக் கணக்கு எழுதித் தருகிறேன்; தமிழ், ஆங்கிலம் தெரியும்” என்று எழுதுங்கள். வெளிநாட்டு வேலையை எதிர்பார்த்தால் இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

2. உண்மையை மட்டும் எழுதுங்கள். இடம்பெயர்வால் படிப்போ வேலையோ தடைப்பட்டிருந்தால் ஆண்டுகளை மாற்றி எழுத வேண்டாம். துன்பக் கதையையும் அங்கே விரிக்க வேண்டாம். வேலை தருபவர் தம் வேலை ஒழுங்காக முடியுமா என்றே பார்க்கிறார்.

3. மாதிரி வேலை இரண்டு மூன்று வையுங்கள். மொழிபெயர்த்த ஒரு பக்கம், தயாரித்த ஒரு கணக்கு அறிக்கை, வரைந்த ஒரு படம் போதும். பிறருடைய கணக்கானால் பெயர்களையும் தொகைகளையும் மாற்றிவிடுங்கள்.

4. பரிந்துரை கேளுங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் கண்ட சங்கப் பொருளாளர், ஆசிரியர், கடை உரிமையாளர் போன்றோர் அத்தளத்தில் இருந்தால், நான்கு வரி எழுதித் தரும்படி கேட்கலாம்.

5. பழைய அறிமுகங்களைத் தேடுங்கள். கூடப் படித்தவர், படிப்பித்தவர், ஊரவர் ஆகியோருக்குச் சிறு செய்தி அனுப்புங்கள்: “வணக்கம் சேர். நான் உங்களிடம் கணினி வகுப்பில் படித்தவள். இப்போது வீட்டிலிருந்து சங்கங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். யாராவது ஆள் தேடினால் என்னை நினைவில் வைத்திருங்கள்.” இதில் கெஞ்சலும் இல்லை, பெருமையும் இல்லை.

6. மாதம் இருமுறையாவது, செய்து முடித்த வேலையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். விதைத்த மறுநாள் யாரும் அறுவடை செய்வதில்லை.

வேலை வந்தபின்

மிளகாய்த் தோட்டத்துக்கு விதை, பசளை, தண்ணீர், கூலி என்று கணக்குப் பார்ப்பது போல, இங்கும் விலை சொல்லுமுன் கணக்குப் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் செல்லும்? இணையச் செலவு, மின்சாரச் செலவு எவ்வளவு? எத்தனை முறை திருத்திக் கொடுப்பீர்கள்? வேலையின் அளவு, முடிக்கும் திகதி, கூலி ஆகிய மூன்றையும் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். வேலை பெரியதாயின் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். நூறு பக்கமானால் முதல் பத்துப் பக்கத்துக்குப் பணம் வந்தபின் மற்றதைத் தொடங்குங்கள். வெளிநாட்டுப் பணம் எப்படி உங்கள் கணக்குக்கு வரும், கட்டணம் எவ்வளவு என்பதை வேலையை ஏற்குமுன் வங்கியில் கேட்டறியுங்கள்.

எச்சரிக்கை

வேலை தருவதற்காக யாராவது பதிவுப் பணம், பயிற்சிப் பணம் என்று கேட்டால் அத்துடன் பேச்சை நிறுத்துங்கள். கூலிக்கு அழைப்பவர் கூலியாளிடம் பணம் கேட்பதுண்டா? உங்கள் கணக்கை மாத வாடகைக்குக் கேட்பவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். அவர்கள் செய்யும் குற்றம் உங்கள் பெயரில் வரும். அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி என்பவற்றை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டாம்.

கணினி வேலை என்று நம்பி வெளிநாடு சென்ற இலங்கை இளைஞர் பலர், 2023, 2024 ஆம் ஆண்டுகளில் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். ஆகவே வீட்டிலிருந்து செய்யும் வேலை என்று தொடங்கி, பின்னர் கடவுச்சீட்டைக் கேட்டால், பெற்றோரிடமும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் விசாரிக்காமல் ஓர் அடியும் வைக்க வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்: பிள்ளை கைத்தொலைபேசியோடு இருக்கும் நேரமெல்லாம் வீண் நேரம் அன்று. என்ன வேலை, யாருக்கு, எவ்வளவு கூலி என்று அன்பாகக் கேளுங்கள். கேட்டால் பிள்ளைக்கும் துணிவு வரும். ஏமாற்று இருந்தால் அதுவும் வெளிப்படும்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது குழுவில் யார் யாருக்கு என்ன வேலை தெரியும்? ஒரு கொப்பியில் பட்டியலிடுக.

2. ஊரில் எம்மை அறிந்திருந்த பத்துப் பேர் இன்று எங்கே இருக்கிறார்கள்? அவர்களுள் யாருடன் மீண்டும் தொடர்புகொள்ளலாம்?

3. ஒவ்வொருவரும் தத்தம் வேலையை ஒரே வரியில் எழுதி, மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுக. கேட்டவர்களுக்கு அது விளங்கியதா?