கம்பி நுழைந்த இடத்தைக் கவனிப்போம்

மரத்திற்குப் பட்டை எப்படியோ, மனிதனுக்குத் தோல் அப்படி. பால்வெட்டும் கத்தி அளவுக்கு மீறி ஆழமாகப் போனால், ரப்பர் மரத்தின் பட்டை மீண்டும் சீராக வளராது என்பதை எங்கள் கீரிப்பாறைத் தொழிலாளர் நன்கு அறிவர். மனிதத் தோலில் துளை விழுந்தாலோ, கிருமிகளுக்கு வாசல் திறந்துவிடுகிறது. அத்தகைய வாசலை மருத்துவரே திறந்து, பல வாரங்கள் அப்படியே வைத்திருக்கும் சிகிச்சை ஒன்று உண்டு.

கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்துவிட்டால் மாவுக்கட்டு மட்டும் போதாது. கட்டுக்குள் இருக்கும் புண்ணைப் பார்க்கவும் கழுவவும் இயலாது. ஆகவே முறிவுக்கு மேலும் கீழும் எலும்பினுள் உலோகக் கம்பிகளைச் செலுத்தி, வெளியே ஒரு சட்டத்தில் பூட்டுவர். இதுவே 'எக்ஸ்டெர்னல் பிக்சேட்டர்'. சோவியத் நாட்டின் குர்கன் நகரில் மருத்துவர் இலிசரோவ் 1950களில் உருவாக்கிய வளையச் சட்டமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

கம்பி நுழையும் துளையில் பெரும்பாலும் தொல்லை தருவது ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிர். நுண்நோக்கியில் திராட்சைக் கொத்துப்போல் தெரிவதால் 1882இல் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் இப்பெயரிட்டார். இது நம் தோலிலேயே வாழ்கிறது. கம்பியைப் பற்றிக்கொண்டு வழவழப்பான படலம் அமைத்துவிட்டால், மருந்து அதனுள் எளிதில் புகாது.

தொற்றை எப்படிக் கண்டறிவது? முதல் சில நாட்கள் தெளிந்த நீரோ, சிறிது இரத்தம் கலந்த நீரோ கசிந்து பொருக்குத் தட்டுவது இயல்பே. ஆனால் நாளுக்கு நாள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி மிகுவதும், கசிவு கலங்கிச் சீழாவதும் அபாய அறிகுறிகள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. எனவே புறங்கையால் தொட்டு, மற்றக் காலின் சூட்டோடு ஒப்பிட வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனையில் கிருமி தெரிந்தால் மட்டும் தொற்று என்றாகிவிடாது. நலமான தோலிலும் கிருமி உண்டல்லவா? அறிகுறிகளையும் சேர்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

தொற்றின் கடுமையை அளக்க செக்கெட்ஸ், ஆட்டர்பர்ன் என்போர் பெயரால் ஆறு படிகள் கொண்ட முறை ஒன்று வழங்குகிறது. முதற்படியில் சிறு சிவப்பும் கசிவும், தூய்மை போதும். இரண்டாம் படியில் வலியும் சேரும், மாத்திரை தேவை. மூன்றாவதில் மாத்திரைக்கும் அடங்காது. அந்தக் கம்பியை எடுத்து வேறிடத்தில் செலுத்துவர். நான்காவதில் பல கம்பிகளைச் சுற்றித் தொற்று பரவும். கம்பி தளரவும் கூடும். ஐந்தாவதில் எலும்பே கெட்டிருப்பது எக்ஸ்ரே படத்தில் தெரியும். இவ்விரண்டிலும் சட்டத்தையே கழற்ற நேரிடும். ஆறாவது, சட்டத்தை எடுத்து ஆறிய பின்னும் துளை உடைந்து விட்டுவிட்டுச் சீழ் வருவது.

காயத்தைப் படியிட்டு அளக்கும் துறையில் தமிழகத்துக்கும் பங்குண்டு. திறந்த எலும்பு முறிவில் தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்துக்கு மதிப்பெண் இடும் முறையைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்கள் 2006இல் வெளியிட்டனர்.

முதற்படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையே உள்ளது பெரும்பாலும் காலதாமதமே. மருத்துவர் வாரம் ஒருமுறை பார்க்கலாம். நாள்தோறும் பார்ப்பது வீட்டார்தான். கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே துளையைத் தொட வேண்டும். மருத்துவமனையில் சொன்ன மருந்தன்றி மஞ்சளோ, பச்சிலையோ, எண்ணெயோ இடலாகாது. மழைக்காலத்தில் நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும். காய்ச்சல் கண்டாலோ, கம்பி ஆடினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைப் படிக்கும் நண்பர்களில் பலரும் அப்படித்தான். மருத்துவமனைச் சீட்டை வாசித்துச் சொல்லும் பொறுப்பு நம் வீடுகளில் நம்மிடமே வருகிறது. அதோடு நில்லாமல், ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எண் இட்டு, நிறம், கசிவு, வலி ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துவந்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும். நடந்தால்தான் கூலி என்னும் குடும்பத்தில் ஒரு காலைக் காப்பது அக்குடும்பத்தையே காப்பதாகும். நாம் கற்கும் அறிவியலுக்கு இதைவிடச் சிறந்த பயன் வேறென்ன?