எண்பதுகளின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்: எதை வாங்கலாம்?

எண்பதுகளில் ஜப்பானில் உருவான சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் பலரும் கடைசியில் மூன்று பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: டொயோட்டாவின் ஏஇ86, அதே டொயோட்டாவின் முதல் எம்ஆர்2, மாஸ்டாவின் இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7. மூன்றுமே பின்சக்கரத்தில் ஓடுபவை. விற்பனைக்கு வரும் எதற்கும் இன்று முப்பது வயதுக்குக் குறையாது. அந்த வயதில் குதிரைத்திறனை ஒப்பிட்டு முடிவெடுப்பது வீண் வேலை. எங்கே துருப்பிடிக்கும், எது போனால் யார் சரிசெய்வார், கேட்கும் விலையில் காருக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெயருக்கு அதிகம் கொடுக்க வைப்பது ஏஇ86. 1983 முதல் 1987 வரை வந்த கார் இது. கொரோலா குடும்பம் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்தபோது, லெவின், ட்ரூனோ என்ற இரண்டு கூபே வண்டிகளை மட்டும் டொயோட்டா பழைய பின்சக்கர அமைப்பிலேயே விட்டுவைத்தது. லெவினுக்கு நிலையான ஹெட்லைட், ட்ரூனோவுக்கு மேலே எழும் ஹெட்லைட். உள்ளே 1,587 சிசி, 16 வால்வ், ட்வின் கேம் 4ஏ-ஜிஇ இன்ஜின். ஜப்பானில் சொன்ன கணக்கு 130 குதிரைத்திறன். எடை ஒரு டன்னுக்கும் கீழே. பின்பக்கம் நம் அம்பாசடரில் இருந்ததைப் போல ஒரே முழு ஆக்சில்தான். ஆக, பொறியியலில் புதுமை என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1995-ல் ஷுய்ச்சி ஷிகெனோ தொடங்கிய ‘இனிஷியல் டி’ காமிக்ஸ் இல்லாவிட்டால், பழைய கார்ச் சந்தையில் இது இன்னொரு கொரோலாவாகவே கிடந்திருக்கும். அதிகாலையில் மலைப்பாதையில் தோஃபு கொண்டுபோகும் பையன் ஓட்டிய கறுப்பு வெள்ளை ட்ரூனோ 2013 வரை அந்தக் கதையில் ஓடியது. விலையும் கூடவே ஏறியது.

பெயருக்கு விலை கூடிய இடத்தில் போலியும் வரும். ஜப்பானில் இதே உடலோடு 1.5 லிட்டர் சிங்கிள் கேம் இன்ஜின் வைத்து ஏஇ85 என்றொரு மலிவான கார் விற்றது. அதில் பின்னாளில் 4ஏ-ஜிஇ-யை இறக்கி 86 என்று விற்பவர்கள் உண்டு. சேஸிஸ் எண்ணைப் படித்தால் தெரிந்துவிடும். அமெரிக்காவில் கதை தலைகீழ்: அங்கே ட்வின் கேம் ஜிடி-எஸ் காரின் எண்ணில் ஏஇ88 என்றிருக்கும், சிங்கிள் கேம் எஸ்ஆர்5-ன் எண்ணில்தான் ஏஇ86 என்றிருக்கும். இதை அறியாமல் நல்ல ஜிடி-எஸ்ஸை ஒதுக்கிவிட்டு எஸ்ஆர்5-க்கு அள்ளிக்கொடுப்பது நடக்கக்கூடியதுதான்.

அடுத்த சங்கடம் டிரிஃப்ட். இந்தக் கார்களில் பல சக்கரத்தைத் தேய்த்தே வாழ்ந்தவை. பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடத்தில் வெல்டிங் தழும்போ சுருக்கமோ இருக்கிறதா என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்துங்கள். பின்சக்கரம் தத்தித் தத்தி இழுபட்டால் டிஃபரன்ஷியலை வெல்ட் வைத்துப் பூட்டியிருக்கக்கூடும். பின்சக்கர வளைவிலும் கதவுக்குக் கீழுள்ள சில்லிலும் காந்தம் ஒட்டவில்லையென்றால் தகரம் போய்ப் பட்டி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். இதற்கு ஒரு ஆறுதல்: 2021 முதல் டொயோட்டாவே 86-க்கான சில பாகங்களை மறுபடி தயாரித்துத் தருகிறது.

அதே 4ஏ-ஜிஇ இன்ஜினை எடுத்து இருக்கைக்குப் பின்னால் வைத்தது எம்ஆர்2. 1984-ல் வந்தது, ஜப்பானில் பெருமளவில் தயாரான முதல் நடு இன்ஜின் கார். பொதுவாக 86-ஐவிடக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. இன்ஜின் ஒன்று, வயதும் கிட்டத்தட்ட ஒன்று, ஸ்டியரிங் சுகம் எம்ஆர்2-வில் ஒரு படி மேல். ஆனாலும் யாரும் இதை வைத்து அப்படியொரு புகழ்பெற்ற காமிக்ஸ் வரையவில்லை! வாங்குபவருக்கு அதுவே லாபம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால். இடையே கூலன்ட் குழாய்கள் காரின் அடிவயிறு முழுக்க ஓடுகின்றன. குழாய் அரித்தாலோ, கூலன்ட் மாற்றியவர் காற்றைச் சரியாக வெளியேற்றாவிட்டாலோ இன்ஜின் சூடேறும். ஆரம்பகால கியர்பாக்ஸில் ஐந்தாம் கியர் தானாகக் கழன்றுகொள்ளும். ஓட்டிப் பார்க்கும்போது ஐந்தில் போட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் சோதியுங்கள். கழற்றக்கூடிய டி-பார் கூரை உள்ளவற்றில் மழைநீர் இறங்கும், அது போகுமிடமெல்லாம் துரு. ஈரச் சாலையில் வளைவின் நடுவே காலை ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று எடுத்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். இதைப் பழக்கத்தால்தான் சமாளிக்க முடியும்.

எஃப்சி எனப்படும் ஆர்எக்ஸ்-7 1985-ல் வந்தது. மூன்றில் அழகும் வேகமும் இதற்குத்தான். டர்போ வகைக்கு முதலில் 185, பின்பு 205 குதிரைத்திறன். இதன் இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன. அவற்றின் முனையில் உள்ள அபெக்ஸ் சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் போய்விடும். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகபட்சத்தை மட்டுமே காட்டி உங்களைத் திருப்திப்படுத்திவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் ஆறு முகங்களையும் தனித்தனியாக அளந்து தரச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். இன்ஜின் சூடானபின் அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஸ்டார்ட் செய்ய முரண்டு பிடித்தாலும் அப்படியே. நல்ல ரோட்டரியும் எண்ணெய் குடிக்கும், அதன் வடிவமைப்பே அது. பெட்ரோலிலும் கை தாராளம்.

கார் ஜப்பானிலிருந்து ஏலத்தில் வந்ததென்றால் ஏலத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் கார் படத்தின் மேல் எழுதப்பட்ட குறிகளில் எஸ் என்றால் துரு, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்த தடம், எக்ஸ்எக்ஸ் என்றால் மாற்றிய பாகம். தரத்தின் இடத்தில் ஆர் என்றிருந்தால் விபத்துக்குப்பின் சட்டத்தில் கைவைத்திருக்கிறார்கள். ஓடிய தூரத்தைவிட இதையே நம்புவேன்.

பக்கத்தில் ரோட்டரி தெரிந்த மெக்கானிக் இல்லாதவர் எஃப்சியை நினைக்கவே வேண்டாம். வாங்கி வைத்து விலை ஏறியபின் விற்க நினைப்பவருக்கு 86 பொருந்தும், சேஸிஸ் எண் சுத்தமாக இருந்தால். ஓட்டுவதற்காக வாங்குபவருக்கு என் சிபாரிசு எம்ஆர்2: சூப்பர்சார்ஜர் இல்லாதது, டி-பார் இல்லாதது, அடிப்பாகம் துருப்பிடிக்காதது. பெயின்ட் மங்கியிருந்தாலும் பரவாயில்லை, பேரம் பேச உதவும்.