நீர் தேங்கும் களிமண் வயல்களின் குணமும் வடிகாலும்

கடன் சங்கத்தின் தவணை தவறிய பாக்கிப் பட்டியலையும், கிராமத்து நிலப்படத்தையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பது கூட்டுறவு இன்ஸ்பெக்டருக்கு விதிக்கப்பட்ட வேலையன்று. திருக்கோகர்ணத்துக்கு அருகாமையிலுள்ள ஒரு சங்கத்திற்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தபொழுது, ஐப்பசி மழை விடாமற் பெய்தமையால் வெளியே புறப்பட இயலாமல், பொழுதைப் போக்கும்பொருட்டு நான் அவ்வாறு செய்ய நேர்ந்தது. பாக்கிதாரர்களுடைய சர்வே எண்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்து வந்தேன். முடிவில் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே இடத்தில், கண்மாய்க் கரையின் அடியிலிருந்து பழைய ஓடை வரையிலுள்ள பள்ளத்தாக்கில், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதற்கு முந்திய ஆண்டின் தணிக்கைக் குறிப்பில் அந்த அங்கத்தினர்களைக் குறித்து, “உழைப்பில் கவனக் குறைவு உடையவர்கள்” என்று எழுதியவனும் நானே. மழை விட்டபின் அக்குறிப்பை எண்ணிக்கொண்டே வயலுக்குப் போனேன். அங்கே கண்டதையும், பின்னர் விவசாய இலாகாவினரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் அங்கத்தினர்களுக்கு உபயோகப்படும் என்று கருதி ஈண்டு எழுதுகிறேன்.

களியின் இயல்பு

மணலுக்கும் களிக்கும் உள்ள முதல் வேற்றுமை துகளின் பருமனே. ஒரு மில்லிமீட்டரை 500 பங்கு செய்தால் வரும் ஒரு பங்கினும் சிறிய துகள்களையே களி என்கிறோம். மணலில் நீர் சீக்கிரம் இறங்குவதால் அதில் வெற்றிடம் அதிகம் என்றும், களியில் வெற்றிடமே இல்லை என்றும் நம்மவர் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரு படி மணலினும் ஒரு படி களியிலேதான் மொத்த வெற்றிடம் மிகுதி. ஆனால் மணலின் இடைவெளிகள் பெரியவை, சில. களியின் இடைவெளிகள் கண்ணுக்குப் புலப்படாதவை, எண்ணிறந்தவை. நெற்குவியலின்மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் அது அடியில் ஓடிவிடும்; தவிட்டுக் குவியலின்மேல் ஊற்றினால் மேலே குழம்பாகி நிற்கும். களியின் நடத்தை தவிட்டின் நடத்தையே ஆகும்.

இதனோடு களிக்கு வேறொரு குணமும் உண்டு. ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும். பங்குனி சித்திரையில் கை நுழையுமளவு வெடிப்பு விடும் வயலிலே, முதல் மடை நீர் முழுவதும் வெடிப்புக்குள் பாய்ந்து மறைவதையும், இரண்டொரு நாளில் மண் உப்பி வெடிப்பு மூடிக்கொண்டபின் நீர் இறங்க மறுப்பதையும் யாவரும் பார்த்திருக்கலாம். ஒரே வயல் ஒரு வாரம் ஓட்டைப் பாத்திரமாகவும், மறு வாரம் பித்தளைத் தவலையாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

நமது பக்கத்து மேட்டு நிலங்கள் செவலும் சரளையும் செம்புறைக் கல்லுமாக இருக்கையில், பள்ளத்தில் மாத்திரம் இக்களி எங்ஙனம் வந்து சேர்ந்தது? மேட்டில் பெய்யும் மழை பருமணலை அங்கங்கே விட்டுவிட்டு, நுண்மண்ணை மட்டும் கலங்கல் நீராகக் கண்மாய்க்குக் கொண்டுவருகிறது. கண்மாயில் ஒரு பகுதி படிந்து, மிகுதி மடை வழியாக வயலுக்குப் போகிறது. பல தலைமுறைகளாக நடந்துவரும் இக்காரியத்தால் ஆயக்கட்டுப் பள்ளத்திலே அடி கணக்கில் களி ஏறியிருக்கிறது. அதன் கீழே என்ன இருக்கிறது என்பதற்குத் திருக்கோகர்ணத்துக் கோவிலே சாட்சி. கோகர்ணேசுவரரின் கருவறை பாறையைக் குடைந்து செய்யப்பட்டதென்பதை அறியாதார் இலர். அத்தகைய கெட்டிப் பாறை இச்சுற்று வட்டாரம் முழுவதிலும் நிலத்தின் அடியில் பல இடங்களில் அதிக ஆழமின்றிப் பரந்து கிடக்கிறது. மேலே களி, கீழே பாறை, பக்கத்திலே கண்மாய்க் கரையின் கசிவு. இம்மூன்றும் சேருமிடத்தில் தண்ணீர் எங்கே போகும்?

நுண்மண் நீரினால் மாத்திரமே வந்து படிவதில்லை. பனியுகத்தின் முடிவிலே, 10,000 ஆண்டுகளுக்கும் முன்னர், காற்று வாரிக் கொண்டுவந்து கொட்டிய நுண்மண் உலகின் பல பாகங்களில் மலைபோற் குவிந்திருக்கிறது. இதற்கு ஜெர்மன் பாஷையிலிருந்து வந்த ‘லோயஸ்’ என்னும் பெயர் வழங்குகிறது. சீனாவில் மஞ்சள் ஆற்றை மஞ்சளாக்குவது இம்மண்ணே. நம் தேசத்தில் காஷ்மீரத்துக் கரேவா மேடுகளின்மேல் இது படிந்திருக்கிறது. பாம்பூரின் குங்குமப்பூ விளைவது அத்தகைய மேடுகளில்தான். தமிழ்நாட்டில் லோயஸ் கிடையாது. ஆயினும் அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் இம்மண்ணிலிருந்து உண்டான ‘டிரம்மர்’ என்னும் நிலவகை நம் கண்மாய்ப் பள்ளத்துக்குப் பல விதங்களில் உறவு முறையாகும். மேலே கறுத்த களி, கீழே சாம்பல் நிறம், இயற்கையில் வடிகால் இல்லாமை ஆகியவை அதன் லக்ஷணங்கள். 15 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்துள்ள அந்நிலம் ஒரு காலத்தில் பெரும்பாலும் சதுப்பாகக் கிடந்தது. இன்று அம்மாகாணத்தின் முதல்தரச் சோள பூமி அதுவே. அது எப்படி மாறிற்று என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

குழியில் கண்டது

பாக்கிதாரர்களுள் ஒரு பெரியவர் தம் வயலுக்கு என்னை அழைத்துப் போனார். “ஐயா, மழை மிகுந்தால் என் வயல் முதலில் கெடுகிறது, மழை குறைந்தால் என் வயல்தான் கடைசியில் காய்கிறது. இதை நல்ல வயல் என்பதா, கெட்ட வயல் என்பதா, தாங்களே சொல்லுங்கள்” என்றார். நான் மறுமொழி கூற அறியாமல், கடப்பாரையும் மண்வெட்டியும் வருவித்து, வரப்போரத்தில் இரண்டரை அடி ஆழம் குழி எடுக்கச் செய்தேன்.

மேல் அரை அடி கருஞ்சாம்பல் நிறம். அதன்கீழ்ச் சுமார் நான்கு விரற்கடை கனத்துக்கு மண்வெட்டி ஏறாத கெட்டித் தட்டு. இது ஆண்டுதோறும் தொளி கலக்கி உழுவதனால் உழவாழத்தின் அடியில் உண்டாவது. தட்டுக்குக் கீழே மண் நீலம் கலந்த சாம்பல் நிறமாயிருந்தது. பழைய வேர்கள் சென்ற வழிகளில் மாத்திரம் துருக் கம்பிபோல் செந்நிறக் கோடுகள் ஓடின. குழியிலிருந்து அழுகிய முட்டையின் நாற்றம் எழுந்தது. வேர்கள் தட்டோடு நின்றுவிட்டிருந்தன.

இந்நிறங்கள் நிலம் எழுதிக் கொடுக்கும் சாட்சிப் பத்திரமாகும். செவல் மண்ணின் சிவப்பு இரும்பின் துருவே. மண் நீரில் மூழ்கினால் அதனுள்ளிருந்த பிராணவாயு ஓரிரண்டு நாளில் தீர்ந்துவிடும். நீரின் ஊடே பிராணவாயு பரவும் வேகம், காற்றினூடே பரவும் வேகத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவே ஆதலால், தீர்ந்தது மீண்டும் வந்து நிரம்புவதில்லை. அப்பொழுது மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதிலாக முதலில் நைட்ரேட்டையும், பின்னர் மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் துருக்களையும், கடைசியில் கந்தகச் சத்தையும் பிடித்துக்கொள்கின்றன. துரு கரைந்து போனால் சிவப்பு மறைந்து சாம்பல் நிறம் தோன்றும். கந்தகத்தில் கை வைத்தால் முட்டை நாற்றம் எழும். நெற்பயிர் தன் தண்டின் வழியே வேருக்குக் காற்றை இறக்கிக்கொள்ள வல்லது. அக்காற்றுப் பட்ட இடங்களில் மாத்திரம் இரும்பு மறுபடியும் துருவாகிறது. செந்நிறக் கோடுகளின் ரகசியம் இதுதான். உளுந்துக்கும் கடலைக்கும் இந்த வல்லமை இல்லை. அவை மூச்சு முட்டி மடிகின்றன.

ஆகவே, சாம்பல் நிறம் எந்த ஆழத்தில் ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி நீர் எதுவரை நிற்கிறது என்பது புலப்படும். ஒன்றரை அடிக்குள் ஆரம்பித்தால் அந்நிலத்துக்கு வடிகால் அவசியம் என்பது என் அபிப்பிராயம். குழியில் நீர் நிரப்பி மறுநாள் அதே நேரத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்ப்பதும் செலவில்லாத பரீக்ஷையாகும்.

கரையடி வயல்களில் இன்னுமோர் அடையாளம் உண்டு. நீரின்மேல் எண்ணெய் மிதப்பதுபோல் வானவில் நிறத்தில் ஓர் ஏடு படரும். குச்சியால் அதைக் கலைத்துப் பாருங்கள். எண்ணெயாயின் மறுபடியும் ஒன்றுகூடும். இரும்பின் ஏடாயின் கண்ணாடித் துண்டுபோல் உடைந்து அப்படியே நிற்கும். செம்புறை மேட்டிலிருந்து கசியும் ஊற்று நீர் இரும்பைக் கரைத்துக் கொண்டுவந்து பள்ளத்தில் சேர்ப்பதால் இது நேருகிறது. இரும்பு மிஞ்சினால் நெல்லின் அடியிலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, இலை வெண்கல நிறமாகி, வேர் கறுத்துப்போகும். நீர் தேங்கிய வயலில் துத்தநாகக் குறைவினாலும் ஏறக்குறைய இதே தோற்றம் உண்டாகும். 1966-ல் பந்த்நகர் விவசாய சர்வகலாசாலையில் நேனே என்னும் விஞ்ஞானி, வடநாட்டில் ‘கைரா’ என்று வழங்கிய நெல் நோயின் காரணம் துத்தநாகக் குறைவே என்று கண்டறிந்தார். அதற்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவுவது நம் இலாகாவின் சிபாரிசு. இரண்டில் எது என்று கண்ணால் மட்டும் தீர்மானித்துவிடாமல், குடுமியான்மலையிலுள்ள மண் பரிசோதனை நிலையத்துக்கு மண் அனுப்பிக் கேட்பதே நலம்.

கடன் எங்கே போயிற்று?

பெரியவருடைய கணக்கை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாகப் பயிர் வெளுத்தபோதெல்லாம் யூரியாவுக்கு அதிகக் கடன் கேட்டிருக்கிறார். சங்கமும் கொடுத்திருக்கிறது. சிபாரிசு செய்து கையொப்பமிட்டவர்களில் நானும் ஒருவன். வயல் சில நாள் காய்ந்தும் சில நாள் மூழ்கியும் வந்தால், காய்ந்தபோது உரத்தின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுகிறது. மூழ்கியபோது அந்நைட்ரேட்டு வாயுவாகி ஆகாயத்துக்குப் போகிறது. சங்கத்தின் பணம் அந்தப் பள்ளத்திலிருந்து ஆகாயத்துக்குப் போனதென்று சொன்னால் அது வெறும் அலங்கார வார்த்தையன்று. சிலர் ஜிப்ஸம் இட்டும் பார்த்திருந்தார்கள். ஜிப்ஸம் களர் நிலத்துக்கு மருந்து. அதுவும் கரைந்த உப்பு வெளியேற வடிகால் இருந்தால்தான் பலிக்கும். களர் அல்லாத நிலத்தில் வெறும் நீர்த்தேக்கத்துக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

இனி இல்லினாய் விஷயத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் என்னும் விவசாயி 1838-ல் நியூயார்க் மாகாணத்தில் தம் வயலின் அடியில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தார். நல்ல ஓட்டை மண்ணுக்குள் புதைக்கிறவன் என்று அண்டையார் அவரைப் பரிகசித்தனராம். அம்முறை மேற்கே பரவியபோது ஒரு தடை ஏற்பட்டது. ஒருவன் வடித்த நீர் அடுத்தவன் வயலில் விழுந்தது. அவன் இடங்கொடாவிடில் வேலை நின்றது. 1878-ல் இல்லினாயில் அரசியல் சட்டத்தையே திருத்தி, 1879-ல் நிலக்காரர்கள் ஒன்றுகூடி வடிகால் வட்டங்கள் அமைத்து, செலவைப் பயனுக்குத் தக்கபடி பங்கிட்டுக்கொள்ளச் சட்டம் செய்தார்கள். குழாயினும் இச்சட்டமே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நமது நஞ்சைக்குக் குழாய் தேவையில்லை. திறந்த வடிவாய்க்காலே போதும். எங்கள் பள்ளத்தில் அது முன்பு இருந்தே இருந்தது. நிலப்படத்தில் ஓடை என்று தெளிவாகக் குறித்திருக்கிறது. நிலத்தில் பார்த்தால் ஓரிடத்தில் இரண்டடி அகலம், ஓரிடத்தில் வரப்பு, ஓரிடத்தில் நாற்றங்கால். இருபுறத்தாரும் ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் வெட்டிச் சேர்த்துக்கொண்டது இது. அவ்வாறு சேர்த்துக்கொண்டவர்களுள் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் இருவரும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. பாக்கி வசூலுக்கு மிகவும் கண்டிப்பாகப் பேசியவர்களும் அவர்களே.

பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னபோது சச்சரவு வந்தது. “ஓடையை வெட்டினால் கோடையில் ஈரம் நில்லாது” என்று ஒருவர் ஆக்ஷேபித்தார். அது முற்றும் தள்ளத்தக்க வாதமன்று. களி நிலத்தின் பெருமையே வறட்சியில் ஈரம் காப்பதுதான். ஆகையால் ஓடையில் பலகை அடைக்கும் வாய்க்கட்டு வைத்து, மழைக்காலத்தில் திறப்பது, தை பிறந்தபின் அடைப்பது என்று ஏற்பாடாயிற்று. வடியும் நீர் வீணாவதும் இல்லை. அடுத்த கண்மாய்க்குத்தான் போகிறது. கரையின் அடியிலேயே கசிவு வாய்க்கால் எடுக்க வேண்டும் என்று சிலர் அவசரப்பட்டார்கள். கரைக்கு மிக அருகில் வெட்டினால் கரையே சரியக்கூடும். 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாயாயின் நீர்வளத் துறையினரையும், அதற்குக் குறைந்ததாயின் ஊராட்சி ஒன்றியத்தாரையும் கலந்துகொள்ளாமல் கரையில் மண்வெட்டி படலாகாது.

ஓடையில் மூன்றில் இரண்டு பங்கு அவ்வாண்டு ஆனி ஆடியில் திறக்கப்பட்டது. கெட்டித் தட்டை உடைக்க உளிக்கலப்பையை வாடகைக்கு வருவித்துக் கோடையில் ஓட்டினார்கள்; ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, பிசையும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதவர்கள் சிலர். சம்பாவில் பெரிய மாறுதல் ஒன்றும் நான் காணவில்லை. மூட்டைக் கணக்கில் சிறிதே ஏற்றம். ஆனால் நெல்லுக்குப்பின் தெளித்த உளுந்து அந்தப் பள்ளத்தில் முதல் தடவையாகக் காய் முற்றிக் களத்துக்கு வந்தது. பெரியவர் உளுந்து விற்ற பணத்திலிருந்து ஒரு தவணையைச் செலுத்தினார். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு, “வயல் நல்ல வயல்தான் ஐயா, வாசல்தான் அடைத்துக் கிடந்தது” என்றார். என் பழைய குறிப்பைத் திருத்தி எழுதிவிட்டேன்.

மூன்றில் ஒரு பங்கு ஓடை இன்னும் தூர்ந்தே கிடக்கிறது. அது சங்கத்தில் அங்கத்தினரல்லாத ஒருவருடைய வயலை ஒட்டிய பாகம். அவரோடு பேசி இணங்கச் செய்யவும், திறந்த பாகத்தில் மறுபடியும் படிந்த எக்கலை வாரவும் புரட்டாசிக்கு முன் நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், ஓடைக்கு ஓரத்து வயலுக்காரருக்கு இரண்டு ஆள் என்பது தீர்மானம்.