ஒரு வீடு, இரண்டு ரூட்டர், ஓர் அச்சுப்பொறி

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மறுநாள் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் அலகுத் தேர்வு. வினாத்தாளைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியில் 'பிரிண்ட்' கொடுத்தேன். 'அச்சுப்பொறி ஆஃப்லைனில் உள்ளது' என்று திரையில் வந்தது. மாடி அறைக்கு ஓடிப் பார்த்தால் அச்சுப்பொறியில் விளக்கு எரிகிறது, வைஃபை குறியும் எரிகிறது. தாள் இருக்கிறது, மை இருக்கிறது. ஆனால் என் வினாத்தாள் மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை.

சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து பூந்தமல்லி-ஆவடி சாலைக்கு வந்தால் ஜெராக்ஸ் கடை உண்டு. அங்கே போக மனம் வரவில்லை. கடைக் கணினியில் வினாத்தாளைத் திறந்தால் அதன் நகல் ஒன்று அங்கேயே தங்கிவிடக்கூடும். அந்தக் கடைக்கு எங்கள் மாணவர்களும் வருகிறார்கள். மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் கைபேசி எண் அடங்கிய பட்டியல்களும் அப்படித்தான். இதற்காகவே கைக்காசு போட்டு வைஃபை அச்சுப்பொறி வாங்கியிருந்தேன்.

அடுத்த இரண்டு மணி நேரம் நான் செய்ததெல்லாம் தவறு. மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். அச்சுப்பொறியின் அமைப்புகளை அழித்தேன். இரண்டு ரூட்டர்களையும் அணைத்து எரியவிட்டேன். எதைச் செய்ததால் என்ன மாறியது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்த பழுதுபார்ப்பவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். "போர்டு போயிருக்கும் சார். புதுசா வாங்கிடுங்க" என்றார்.

வழி காட்டியது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன். "அப்பா, மாடியில இருந்தா என் போன்ல இருந்து பிரிண்ட் வருது. கீழ வந்தா பிரிண்டரே காணோம்" என்றான். மடிக்கணினியை மாடிக்கு எடுத்துப்போய், மாடி வைஃபையில் இணைத்து அச்சுப்பொறியைச் சேர்த்தேன். வினாத்தாள் வந்துவிட்டது. அன்றைய வேலை முடிந்தது. ஆனால் காரணம் புரியாமல் தூக்கம் வரவில்லை. வகுப்பில் 'உற்றுநோக்கு, ஊகி, சோதித்துப் பார்' என்று சொல்லித்தரும் அறிவியல் ஆசிரியர், வீட்டில் அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை!

அடுத்த வாரம் நிதானமாக உட்கார்ந்து கண்டறிந்ததை இங்கே எழுதுகிறேன். கீழ்த்தளத்தில் பெற்றோர், மாடியில் நாம் என்று வாழும் பல ஆசிரியர் வீடுகளில் இதே நிலைதான் இருக்கும்.

ஒரே கதவு எண், வேறு நகர்

எங்கள் வீட்டில் இணையக் கம்பி வந்து சேரும் ரூட்டர் கூடத்தில் இருக்கிறது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குச் சமிக்ஞை சரியாக எட்டவில்லை. எனவே இன்னொரு ரூட்டர் வாங்கி, கூடத்து ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து மாடியில் பொருத்தினோம். பிறகு இடவசதிக்காக அச்சுப்பொறியும் மாடிக்குப் போனது. சிக்கல் பிறந்தது அன்றுதான்.

ரூட்டர் என்பது வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டி மட்டுமல்ல. தன்னிடம் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுத்து, தனக்கென ஒரு வலையமைப்பை அது உருவாக்குகிறது. அந்த முகவரி, 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களால் ஆனது. இப்படி மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகளே அமையும். உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டதால், ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தர இயலாது. எனவே சில எண் தொகுதிகளை வீடு, அலுவலக உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்று நடப்பில் உள்ள இந்த ஒதுக்கீடு 1996ஆம் ஆண்டு ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. 192.168 என்று தொடங்கும் எண்கள் அவற்றில் ஒன்று. உங்கள் வீட்டில் 192.168.1.5 இருக்கலாம், அடுத்த வீட்டிலும் அதே எண் இருக்கலாம். குழப்பம் வராது.

நம் புறநகரில் இது புதிதல்ல. எத்தனையோ நகர்கள், ஒவ்வொரு நகரிலும் முதல் தெரு உண்டு, அதில் 5ஆம் எண் வீடும் உண்டு. நகரின் பெயர் தெரிந்தால்தான் தபால் சரியான வீட்டுக்குப் போகும்.

எங்கள் வீட்டில் கூடத்து ரூட்டர் 192.168.1 என்ற நகரை நடத்தியது. மாடி ரூட்டர் 192.168.0 என்ற நகரை நடத்தியது. மடிக்கணினி முதல் நகரிலும், அச்சுப்பொறி இரண்டாம் நகரிலும் குடியிருந்தன. இரண்டு ரூட்டருக்கும் நான் ஒரே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்திருந்ததால், இரண்டும் ஒன்றே என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணினி அச்சுப்பொறியைத் தேடும்போது, "இங்கே அச்சுப்பொறி யாராவது உண்டா?" என்று தன் நகர் முழுவதும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. அந்தக் குரல் ரூட்டரைத் தாண்டிப் போகாது. எனவே வேறு நகரில் இருக்கும் அச்சுப்பொறி பட்டியலிலேயே தோன்றாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. மாடி ரூட்டரிலிருந்து கூடத்தை நோக்கிச் செய்தி போகலாம். கூடத்திலிருந்து மாடிக்குள் செய்தி தானாக நுழைய முடியாது. வாயில் ஒருவழியானது. அதனால் அச்சுப்பொறியைக் கூடத்துக்கு இறக்கி, மாடிக் கணினியில் அதன் முகவரியை நேரடியாகக் கொடுத்தால் பெரும்பாலும் அச்சிட முடியும். மாறாக, கூடத்தில் இருந்துகொண்டு மாடி அச்சுப்பொறிக்கு அனுப்பினால் நடக்காது. இரண்டு ரூட்டரும் ஒரே எண் தொகுதியை வைத்திருந்தால் எந்தப் பக்கமும் நடக்காது.

எதையும் மாற்றும் முன்

கீழ்க்காணும் வரிசையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதுங்கள். முடியும்வரை எந்த அமைப்பையும் தொடாதீர்கள்.

1. அச்சுப்பொறி நலமா? நகலெடுக்கும் வசதி இருந்தால் ஒரு தாளை வைத்து நகலெடுங்கள். இல்லையெனில் சோதனைப் பக்கம் அச்சிடுங்கள். தாள் ஒழுங்காக வந்தால் பழுது அச்சிடும் பகுதியில் இல்லை.

2. அச்சுப்பொறியின் முகவரி என்ன? அதன் திரையில் வைஃபை அமைப்புப் பகுதியில் இருக்கும். திரை இல்லாதவற்றில், கையேட்டில் சொன்ன பொத்தானை அழுத்தினால் வலையமைப்பு விவரத் தாள் ஒன்று அச்சாகும்.

3. கணினியின் முகவரி என்ன? விண்டோஸில் வைஃபை பண்புகள் பக்கத்தின் அடியில் இருக்கும். கைபேசியில், இணைந்துள்ள வைஃபை பெயரைத் தொட்டால் தெரியும்.

4. முதல் மூன்று எண்களை ஒப்பிடுங்கள். வீட்டு ரூட்டர்களில் வழக்கமாக முதல் மூன்று எண்களே நகரின் பெயர். கடைசி எண்ணே கதவு எண். மூன்றும் ஒத்திருந்தால் ஒரே நகராக இருக்க வாய்ப்பு அதிகம். வேறாக இருந்தால் சிக்கல் கிடைத்துவிட்டது. 169.254 என்று தொடங்கினால், அந்தக் கருவிக்கு ரூட்டர் முகவரியே தரவில்லை என்று பொருள்.

5. 'பிங்' செய்யுங்கள். கணினியின் கட்டளைச் சாளரத்தில் 'பிங்' என்ற கட்டளையுடன் அச்சுப்பொறியின் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். மறுமொழி வந்தால் பாதை சரி. கோளாறு கணினியில் இருக்கிறது: அச்சுப்பொறியின் பழைய முகவரி பதிந்திருக்கலாம், முன்பு தடைபட்ட கோப்பு வரிசையை அடைத்துக்கொண்டிருக்கலாம். மறுமொழி வராவிட்டால் பாதையில் கவனம் செலுத்துங்கள்.

முகவரிகள் ஒத்திருந்தும் மறுமொழி வராவிட்டால் வேறு இரண்டு காரணங்களைப் பாருங்கள். கணினியோ அச்சுப்பொறியோ 'கெஸ்ட்' எனப்படும் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். அது கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாது. அல்லது இரண்டு ரூட்டரும் ஒரே எண் தொகுதியை வைத்திருக்கலாம்.

புதிதாக அச்சுப்பொறியை இணைக்கும்போது வைஃபை பெயரே தென்படவில்லையென்றால் அலைவரிசையைக் கவனியுங்கள். விலை குறைந்த அச்சுப்பொறிகள் பல, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றுக்குத் தெரியாது.

நிலையான தீர்வு

அவசரத்துக்கு, கணினியை அச்சுப்பொறி இருக்கும் ரூட்டரில் இணைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி கேபிள் இருந்தால் அது இன்னும் எளிது.

நிலையான தீர்வு, இரண்டு நகரையும் ஒன்றாக்குவது. இரண்டாவது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தேர்ந்தெடுத்தால், அந்த ரூட்டர் முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும்.

அந்த வசதி இல்லாத பழைய ரூட்டரிலும் செய்யலாம். வரிசை முக்கியம்:

- முதலில் அதன் சொந்த முகவரியைக் கூடத்து ரூட்டரின் தொகுதிக்குள் வேறு யாரும் பயன்படுத்தாத எண்ணாக மாற்றுங்கள். கூடத்து ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 தரலாம். கூடத்து ரூட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்குள் அது வரக்கூடாது.
- அடுத்து, முகவரி வழங்கும் 'டிஹெச்சிபி' வசதியை அணைத்துச் சேமியுங்கள்.
- கடைசியாக, 'வான்' அல்லது 'இன்டர்நெட்' என்று குறித்த துளையிலிருந்து கேபிளைக் கழற்றி, 'லேன்' துளை ஒன்றில் செருகுங்கள்.

பிறகு அச்சுப்பொறியை அணைத்து எரியவிட்டால் புது நகரின் முகவரியைப் பெற்றுக்கொள்ளும். கணினியில் பழைய பதிவை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். அந்த முகவரி நாளை மாறிவிடாமலிருக்க, கூடத்து ரூட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் அச்சுப்பொறிக்கென ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். சில நாள் வந்து சில நாள் வராமல் போகும் தொல்லை பெரும்பாலும் இதனால் தீரும்.

ஓர் எச்சரிக்கை: இணைய நிறுவனம் தந்த ரூட்டரின் பின்னால் உள்ள 'ரீசெட்' துளையில் ஊசியைக் குத்தாதீர்கள். இணைய இணைப்புக்கான விவரங்களே அழிந்து, நிறுவனத்தின் ஆள் வரும்வரை காத்திருக்க நேரிடலாம்.

வகுப்பறையில் ஒரு பாடவேளை

இதை ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டாகச் செய்து பார்த்தேன். கணினியே தேவையில்லை. துண்டுத் தாள்கள் போதும்.

வகுப்பை இரண்டு நகர்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நகரிலும் மாணவர்களுக்கு 1 முதல் கதவு எண்கள். இரண்டாம் நகரின் வாயிலில் ஒரு காவலர், கையில் குறிப்பேடு. முதல் நகரில் காவலருக்கும் ஒரு கதவு எண் உண்டு. இரண்டாம் நகரில் ஒருவர் 'அச்சுப்பொறி'.

- முதல் சுற்று: முதல் நகர் மாணவர் ஒருவர், தன் நகருக்கு மட்டும் கேட்கும் குரலில் "அச்சுப்பொறி யார்?" என்று கேட்க வேண்டும். பதில் வராது.
- இரண்டாம் சுற்று: இரண்டாம் நகர் மாணவர் ஒருவர் முதல் நகருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். காவலர் அனுப்புநர் எண்ணை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதி, யார் அனுப்பியது என்பதைக் குறிப்பேட்டில் பதிந்துகொண்டு அனுப்புவார். பதில் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார்.
- மூன்றாம் சுற்று: முதல் நகரிலிருந்து யாராவது தாமாகவே காவலருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். குறிப்பேட்டில் பதிவு இல்லை. யாருக்குக் கொடுப்பது? காவலர் அதைக் கீழே போட்டுவிடுவார்.

மூன்றாம் சுற்று முடிந்ததும், "இதுதான் உங்க வீட்டுப் பிரிண்டரா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார். நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. ஒரு மாணவி இன்னும் ஆழமாகக் கேட்டார்: "சார், ஒரே நகர்ல ரெண்டு பேர் கதவு நம்பர் குடுத்தா என்ன ஆகும்?" உடனே செய்து பார்த்தோம். இரண்டு பேருக்கு 7ஆம் எண் கிடைத்தது. ஒருவருடைய கடிதம் இன்னொருவருக்குப் போனது. இரண்டாவது ரூட்டரில் 'டிஹெச்சிபி'யை ஏன் அணைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இறுதிப் பத்து நிமிடம், வீட்டில் பழுதான ஒரு பொருளை நினைத்துக்கொண்டு, 'எதையும் மாற்றாமல் நான் பார்க்கக்கூடிய மூன்று விஷயங்கள்' என்ற தலைப்பில் எழுதச் சொன்னேன். மின்விசிறி, மிதிவண்டி, தண்ணீர் மோட்டார் என்று எழுதினார்கள். ஒரு மாணவர், "மோட்டார் ஓடலைன்னா முதல்ல பக்கத்து வீட்டுல கரண்ட் இருக்கான்னு பார்ப்பேன்" என்று எழுதியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்யத் தவறியது அதைத்தான்.

இப்போது எங்கள் கூடத்து ரூட்டரின் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரண்டு ரூட்டர்களின் முகவரி, அச்சுப்பொறியின் முகவரி, எந்தக் கேபிள் எந்தத் துளையில் என்ற சிறு படம் எல்லாம் அதில் உண்டு. கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதவில்லை. புது அச்சுப்பொறிக்கென ஒதுக்க நினைத்த பணம் மிச்சமானது. பருவத் தேர்வு வினாத்தாள்கள் கூடத்திலிருந்தே அச்சாகி, வீட்டை விட்டு நேராகப் பள்ளிக்குப் போயின.