வேதபாடம்: மரித்துப்போன சிசுக்கள் எங்கே இருக்கிறார்கள்?

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 2 சாமுவேல் 12:15-23, லூக்கா 18:15-17, ரோமர் 5:12-21



பிரசவ வார்டில் ஊழியம் செய்கிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. சில மணி நேரமே மூச்சுவிட்ட குழந்தை துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். தகப்பன் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யப் போயிருப்பார். தாய் நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்பாள்: "சிஸ்டர், பிள்ளைக்கு ஞானஸ்நானம்கூடக் கொடுக்கலையே. அது இப்ப எங்கே இருக்கும்?"

இந்தக் கேள்வி ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடுவதில்லை. பெயர் வைக்குமுன்னே பிள்ளையைப் புதைத்துவிட்டு, முப்பது வருஷமாக யாரிடமும் பேசாதிருக்கும் தாய்மார் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். ஆகவே வேதம் இதைக்குறித்து என்ன சொல்லுகிறது, திருச்சபை அதை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்று இந்தப் பாடத்தில் தியானிப்போம்.

1. வேதம் காட்டும் வெளிச்சம்

மரித்த சிசுக்கள் யாவரும் இன்ன இடத்தில் இருக்கிறார்கள் என்று நேரடியாகச் சொல்லும் ஒரே வசனம் வேதத்தில் இல்லை. இதை முதலாவது ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் தேவன் நம்மை இருட்டில் விட்டுவிடவில்லை.

தாவீதின் குழந்தை வியாதிப்பட்டபோது அவன் உபவாசித்துத் தரையிலே கிடந்தான். ஏழாம் நாளில் குழந்தை இறந்தது. உடனே எழுந்து ஸ்நானம்பண்ணி, கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். ஊழியக்காரர் வியந்து கேட்டபோது, பிள்ளை தன்னிடம் திரும்பி வராது, தானே அதனிடம் போவேன் என்றான். கல்லறைக்குப் போவதைத்தான் சொன்னான் என்று கருதும் வேத பண்டிதர்களும் உண்டு. ஆனால் கல்லறை மாத்திரமே மிச்சம் என்றால், அந்த நாளில் அவன் எழுந்து தேவனைத் தொழுதது எப்படி? வளர்ந்த மகன் அப்சலோம் மாண்டபோது இதே தாவீது ஆறுதலின்றிக் கதறினான் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்ததாக, இயேசுவிடம் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள். மத்தேயுவும் மாற்கும் சிறுபிள்ளைகள் என்று பொதுவாகச் சொல்ல, லூக்கா 'பிரெபோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். கைக்குழந்தை என்று அதற்குப் பொருள். முன்னணையில் கிடந்த இயேசுவுக்கும், எலிசபெத்தின் கர்ப்பத்தில் துள்ளிய யோவானுக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் எழுதினார். விசுவாசத்தை வாயால் அறிக்கையிட முடியாத அந்தக் குழந்தைகளைத் தடுத்த சீஷர்களை ஆண்டவர் தடுத்தார். தேவனுடைய ராஜ்யம் இப்படிப்பட்டவர்களுடையது என்றார்.

நன்மை தீமை அறியாத பிள்ளைகள் வாக்குத்தத்த தேசத்துக்குள் போவார்கள் என்று உபாகமம் 1:39 கூறுகிறது. அது கானானைக் குறித்த வார்த்தைதான். என்றாலும் பெரியவர்களின் அவிசுவாசத்தைத் தேவன் சிறுவர்மேல் சுமத்தவில்லை என்பதை அதில் காண்கிறோம். யோனாவின் புத்தகத்தின் கடைசி வசனத்தில், வலதுகை இடதுகை வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்காக அவர் மனமிரங்குகிறார். அவர்கள் இஸ்ரவேலர் அல்ல, நினிவே பட்டணத்தார்.

2. பயம் எப்படி வந்தது?

இவ்வளவு வெளிச்சம் இருந்தும் அந்தத் தாயின் பயத்துக்குக் காரணம் என்ன? ஆதாமினால் பாவமும் மரணமும் எல்லாருக்கும் வந்தது என்று ரோமர் 5 போதிக்கிறது. ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறப்பதன் அவசியத்தை யோவான் 3:5 கூறுகிறது. இவ்விரண்டையும் இணைத்து, 430இல் மரித்த அகுஸ்தீன், ஞானஸ்நானம் பெறாத சிசுக்களுக்கு மிகவும் இலேசானதாயினும் ஆக்கினை உண்டு என்று முடிவு செய்தார். பின்வந்தவர்களுக்கு அது தாங்கமுடியாததாகத் தோன்றியது. எனவே வேதனையும் இல்லாத, தேவதரிசனமும் இல்லாத 'லிம்போ' என்ற நிலையை இடைக்கால போதகர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

அதன் பலனைத் தாய்மார் அனுபவித்தார்கள். ஞானஸ்நானம் பெறாமல் மரித்தவர்களுக்கு அடக்க ஆராதனை ஒழுங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபபுத்தகம் விதித்தது. அயர்லாந்தில் இப்படிப்பட்ட சிசுக்களைப் பரிசுத்தப்படுத்தப்பட்ட கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, 'கில்லீன்' எனப்பட்ட தனி இடங்களில் புதைத்தார்கள். அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது.

3. திருச்சபை கண்ட ஆறுதல்

மார்ட்டின் லூத்தர் தம் மகள் எலிசபெத்தை ஒரு வயது நிறையுமுன் 1528இல் அடக்கம் செய்தவர். கர்ப்பம் கலைந்தவர்களுக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் 1542இல் ஒரு சிறு ஆறுதல் நூல் எழுதினார். பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட்ட தாயின் வாக்குக்கடங்காத பெருமூச்சைத் தேவன் ஜெபமாகவே ஏற்றுக்கொள்கிறார் என்பது அதின் சாரம். அதே வருஷத்தில் கால்வினுக்குப் பிறந்த மகன் அதிக நாள் உயிரோடிருக்கவில்லை. ஞானஸ்நானம் வாக்குத்தத்தத்தின் முத்திரை, அதைப் பெறுமுன் மரித்ததினால் பிள்ளை தள்ளப்படுவதில்லை என்று அவர் போதித்தார்.

1618-19இல் கூடிய டார்ட் மகாசபை, தங்கள் சிசுக்களின் இரட்சிப்பைக்குறித்து விசுவாசிகளான பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம் என்று அறிக்கையிட்டது. மற்றவர்களின் பிள்ளைகள்? மரித்த சிசுக்கள் யாவரும் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று ஸ்பர்ஜன் 1861இல் லண்டனில் பிரசங்கித்தார். அமெரிக்க பிரெஸ்பிடேரியன் சபையும் 1903இல் அவ்வாறே அறிக்கையிட்டது. கிறிஸ்துவின் பலியின் நன்மை சிசுக்களுக்கும் உண்டு என்பது வெஸ்லியின் வழிவந்தவர்களின் போதனை. கத்தோலிக்க சபையின் சர்வதேச இறையியல் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இப்படிப்பட்ட குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்குத் தகுந்த ஆதாரங்கள் உண்டு என்று கூறியது.

4. நம் நம்பிக்கையின் அஸ்திபாரம்

இங்கே ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். "குழந்தை ஒரு பாவமும் அறியாதது, அதனால் மோட்சம் போயிற்று" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். குழந்தை மனதறிந்து பாவம் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் பாவமில்லாததினால் அது பரலோகம் போயிற்று என்றால், அதற்கு இரட்சகர் தேவையில்லை என்றாகிவிடும். சங்கீதம் 51:5 அப்படிச் சொல்ல நமக்கு இடங்கொடுக்கவில்லை.

அந்தக் குழந்தைக்காகவும் கிறிஸ்து மரித்தார் என்பதே நம் நம்பிக்கை. அது நற்கிரியை ஒன்றும் செய்யவில்லை. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. முழுவதும் கிருபையினாலே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பெரியவர்களாகிய நாமும் அவ்விதமாகவே ராஜ்யத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று லூக்கா 18:17 சொல்லுகிறதே! பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று என்று பவுல் எழுதியது சிசுவின் சிறிய கல்லறைக்கும் பொருந்தும்.

5. துக்க வீட்டில் நாம்

"ஆண்டவர் தம் தோட்டத்துக்கு ஒரு பூவைப் பறித்துக்கொண்டார்" என்கிறோம். பிள்ளையைப் பறிக்கிறவராகத் தேவனை வேதம் இப்படி வர்ணிக்கவில்லை. "உன் பாவத்தினால்தான்" என்று சொல்லத் துணிகிறவர்களும் உண்டு. தாவீதுக்கு நேரிட்டதைத் தேவனே தீர்க்கதரிசியைக்கொண்டு வெளிப்படுத்தினார். அந்த அதிகாரம் நமக்குக் கொடுக்கப்படவில்லை. யோவான் 9:3ஐ வாசியுங்கள். "இன்னொரு பிள்ளை பிறக்கும்" என்பதும் ஆறுதல் அல்ல, இந்தப் பிள்ளையை ஒன்றுமில்லாததாக்கும் பேச்சு.

பிள்ளைக்குப் பெயர் இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். தகப்பனையும் மறவாதிருங்கள். பேசத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். வருஷம் திரும்பும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இந்த நம்பிக்கை சோம்பலுக்கு இடமாகவும் கூடாது. குழந்தை உயிரோடிருந்த ஏழு நாளும் தாவீது அதன் உயிருக்காகப் போராடினான். இறந்த பின்புதான் எழுந்தான். அந்த ஒழுங்கு நமக்கும் மாதிரி. குறைமாதக் குழந்தையின் இன்குபேட்டர் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் நர்சும், வீட்டிலிருந்து ஜெபிக்கும் நீங்களும் அந்த ஏழு நாள் ஊழியத்தையே செய்கிறீர்கள். அதற்குமேல் நம் கைக்கு எட்டாத இடத்தில் கர்த்தருடைய கை இருக்கிறது.

அந்தத் தாய்க்கு என்ன பதில்? "அம்மா, குழந்தைகளை மடியில் ஏந்தி ஆசீர்வதித்தவரிடம் உங்கள் பிள்ளை இருக்கிறது. ஞானஸ்நானத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கிருபையை நம்பலாம்" என்று தைரியமாய்ச் சொல்லுவோம். சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்வார் என்று ஆபிரகாம் நம்பினானே, நாமும் நம்புவோம்.

சிந்திக்க:

அ. தாவீது எழுந்து முதலாவது ஆலயத்துக்குப் போனதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?

ஆ. குழந்தையின் குற்றமின்மையை நம்புவதற்கும் கிறிஸ்துவின் கிருபையை நம்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் வீட்டாருக்கு எப்படி விளக்குவீர்கள்?

இ. சிசுவை இழந்த குடும்பம் ஒன்று உங்கள் நினைவுக்கு வருகிறதா? இந்த வாரத்திலே அவர்களைச் சந்திக்க முடியுமா?

ஜெபம்: சிறு குழந்தைகளை அணைத்துக்கொண்ட ஆண்டவரே, வெறுங்கையோடு வீடு திரும்பிய பெற்றோரை இன்று தேற்றும். அவர்களிடத்தில் நாங்கள் அவசரமாய்ப் பேசாதபடி எங்கள் நாவைக் காத்து, உமது அன்பைக் காட்ட எங்களை அனுப்பும். ஆமென்.